கால் தரையில் இல்லை

எழுபத்தேழாவது நிமிடத்தில் வெட்டுக்கிளி எகிறியபோது கண்ணாடியக்கா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மூடி பாதியில் நின்றது. கீழே கேலரியில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நாலாயிரம் பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் சட்டென்று அடங்கினால் யாருக்கோ பலமாக அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

வாரத்தில் ஆறு நாள் அவள் கண்ணாடிக் கடைக்காரி. ஏழாவது நாள் ரக்பி நடுவர். இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு வாய்த்தால் ஊர் சும்மா விடுமா? அவள் மைதானத்தில் விசிலோடு ஓடிய பதினெட்டு வருஷமும், பிடிக்காத தீர்ப்பு ஒன்று வந்தால் போதும், "அக்கா, கடையில ஸ்டாக் தீந்துபோச்சா? உங்களுக்கு ஒண்ணு எடுத்து மாட்டிக்கக் கூடாதா?" என்று கேலரியிலிருந்து ஒரு குரல் கிளம்பிவிடும். முழங்கால் தேய்ந்த பிறகு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டாள். இப்போது வீடியோ நடுவர். கேலரிக்கு மேல் தகரக் கூரை போட்ட ஓர் அறை, நாலு திரை, ஒரு மேசை விசிறி, காதில் மாட்டிக்கொள்ளும் மைக், பக்கத்தில் ரிமோட்.

ரிமோட் என்றால் மனிதர்தான். கல்யாண வீடியோ எடுப்பவர். போட்டி நாட்களில் இங்கே வந்து காட்சிகளை முன்னும் பின்னும் ஓட்டிக்காட்டுவார். அவளைவிட நாலு வயது மூத்தவர், ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ரக்பியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டால் திரையில் எண்ணிப் பார்த்துத்தான் சொல்வார்.

"கழுத்துல விழுந்துட்டான்க்கா" என்றார் ரிமோட்.

"ஓட்டுங்க. மெதுவா."

இறுதிப் போட்டி அது. இருபதுக்குப் பதினாறு என்று முன்னால் இருந்தது ரொட்டியின் அணி. ரொட்டி பேக்கரியில் அடுப்பு வேலை பார்ப்பவன். பதினாலு வருஷமாக ஆடுகிறான், ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்கியதில்லை. எதிர் அணியில் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தவன் வெட்டுக்கிளி. பெயருக்கேற்ற பிறவி. கோட்டுக்கு ஐந்து மீட்டர் இருக்கும்போது ரொட்டி குறுக்கே வந்து குனிந்தான். பந்து வைத்திருப்பவனை மடக்கிப் பிடிப்பதுதான் இந்த விளையாட்டின் பிழைப்பே. வெட்டுக்கிளி பக்கவாட்டில் ஒதுங்கவில்லை. ரொட்டியின் தலைக்கு மேலாகத் தாண்டப் பார்த்தான். ரொட்டி நிமிர்ந்து இரண்டு கையாலும் அவன் தொடைகளைக் கட்டிக்கொண்டான். வெட்டுக்கிளி காற்றில் குப்புறப் புரண்டு தோளும் கழுத்துமாகத் தரையில் மோதினான்.

கீழே டாக்டர் ஓடினார். நடுவர் விசில் ஊதி, இரண்டு கையாலும் காற்றில் ஒரு சதுரம் வரைந்தார். மேலே கேட்கப் போகிறார் என்று அர்த்தம். ஆட்டக் கடிகாரம் நின்றது.

நடுவரின் பெயர் எதுவாக இருந்தாலும் எல்லோருக்கும் அவர் டிராஃபிக்தான். பகலில் நாற்சந்தியில் நின்று வண்டிகளை மறிக்கிற போலீஸ்காரர். நடுவராகி இரண்டே வருஷம் ஆகிறது. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்யாதவர், கையும் சுத்தம் வாயும் சுத்தம். சட்டப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சிக்னலில் நிற்பார் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மைதான், அந்தப் புத்தகம் சட்டைப் பையில் வைக்கிற அளவுக்குத்தான் இருந்தது. அவ்வளவு சிறியதாக அதைச் சுருக்கியவள் கண்ணாடியக்கா.

"மேல, கேக்குதா?" என்றார் டிராஃபிக்.

"கேக்குது, சொல்லுங்க."

"கால் தரையில இல்லாத ஆளைப் பிடிச்சு இழுத்திருக்கான். கழுத்தோட விழுந்திருக்கான். நான் சிவப்பு அட்டை குடுக்கப் போறேன். பிடிக்கலைன்னா நிச்சயமா கோட்டைத் தாண்டிப் பந்தை வச்சிருப்பான், அதனால ஏழு புள்ளி. நான் இதைக் குடுக்கக் கூடாதுங்கிறதுக்கு ஏதாவது காரணம் இருக்கா? பாத்துச் சொல்லுங்க."

காரணம் இருந்தது. பெரிய காரணம். ஆனால் அது புத்தகத்தில் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரக்பி சம்மேளனத்தின் செயலாளர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "செங்கல் மாதிரி இருக்கும்மா நம்ம புத்தகம். தலையில போட்டா ஆள் காலி. பாதியாக்குங்க. அர்த்தம் மாறக் கூடாது, அவ்வளவுதான்." அவளும் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கடையை மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சாத்தும் நேரத்தில், பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால், ஃபிரேம்கள் அடுக்கிய கண்ணாடி மேசை மேல். வக்கீல் சத்தமாக வாசிப்பார், அவள் சிவப்புப் பென்சிலால் வெட்டுவாள். ஒரு மாதிரி ருசி கண்டுவிட்டது. இன்று எத்தனை வார்த்தை சாய்த்தோம் என்று பேசிச் சிரித்துக்கொள்வார்கள்.

பழைய விதி இப்படி இருந்தது: பந்தைப் பிடிக்க எகிறி, கால் தரையில் இல்லாத எதிராளியை மடக்கவோ, இழுக்கவோ, தள்ளவோ கூடாது. ஆகாயத்தில் வருகிற பந்தைப் பார்த்துக்கொண்டே எகிறுகிறவனுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. அவனைக் காப்பாற்றத்தான் அந்த விதி. பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்தவன் தலையைத் தாண்டுகிறவனுக்கு அது இல்லை. அவன் கண்ணைத் திறந்துகொண்டுதான் எகிறுகிறான்.

"பந்தைப் பிடிக்க எகிறி. மூணு வார்த்தை" என்று வக்கீல் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எடுத்துடலாமா? வேண்டாமா?"

"இதைப் போய்ச் சொல்லணுமா சார்? களத்துல இறங்குற எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றாள் அவள். பென்சில் ஒரு கோடு இழுத்தது.

அச்சுக்குப் போகும் முன்னால் சோதனையும் நடத்தினார்கள். அந்த யோசனையும் அவளுடையதுதான், அதில் அவளுக்குப் பெருமை வேறு. இருபது நடுவர்களை வரவழைத்து இரண்டாகப் பிரித்தார்கள். பத்துப் பேர் கையில் பழைய புத்தகம், பத்துப் பேர் கையில் புதியது. முப்பது காட்சிகளை ஓட்டிக்காட்டித் தீர்ப்பு எழுதச் சொன்னார்கள். அதில் ஆளைத் தாண்டி ஓடுகிறவனை மடக்குகிற காட்சியும் ஒன்று இருந்தது. இருபது பேரும் முப்பதுக்கும் ஒரே தீர்ப்பு எழுதினார்கள். செயலாளர் கைதட்டினார். "எழுத்துதான் குறைஞ்சிருக்கு, ஆட்டம் மாறலை" என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு வெட்டுக்கிளியே ஏழெட்டு முறை இப்படித் தாண்டியிருக்கிறான். இரண்டு முறை மடக்கி வீழ்த்தப்பட்டும் இருக்கிறான். பழைய நடுவர்கள் ஒருவரும் விசிலை வாயில் வைக்கவில்லை. எழுந்து ஓடுடா என்றுதான் கை காட்டினார்கள்.

"மேல? பாத்தாச்சா?"

"இன்னொரு கோணம் பாக்கறேன்" என்றாள். குரல் அவள் குரலாக இல்லை.

"இருக்கிறதே நாலு கோணம்தான்க்கா" என்று ரிமோட் கிசுகிசுத்தார். "அஞ்சாவது வேணும்னா நான்தான் கீழ போய்ப் படுத்துக்கிட்டு எடுக்கணும்."

அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் கடைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கிற டிரைவர்கள் கண் சான்றிதழுக்காக வருவார்கள். சிலர் வாசலில் காத்திருக்கும்போதே முன்னால் போனவன் வாசித்ததைக் கேட்டு எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். உள்ளே வந்து கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். கண்ணே தெரியாதவனும் தப்பில்லாமல் சொல்வான். அவர்களுக்காகவே மேசை இழுப்பறையில் இரண்டாவது அட்டை ஒன்று வைத்திருக்கிறாள். அதை மாட்டினால் சாயம் வெளுத்துவிடும். இருபது வருஷமாக அந்தத் தந்திரத்தில் அவளை ஏமாற்றியவன் ஒருவனும் இல்லை.

அந்த இருபது நடுவர்களும் அட்டையை மனப்பாடம் செய்தவர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் பழைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். புதிய புத்தகத்தைக் கையில் கொடுத்தபோதும் அவர்கள் வாசித்தது பழையதைத்தான். வெட்டிய மூன்று வார்த்தையை அவர்கள் கண் தானாகவே போட்டுக்கொண்டது. புதிதாக வருகிற ஒருவனை, புதிய புத்தகத்தை மட்டும் படித்த ஒருவனை, அவள் உட்கார வைக்கவே இல்லை. ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று? தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு. கீழே கையில் விசிலோடு நிற்கிற டிராஃபிக்தான் அந்த முதல் ஆள். அவருக்குப் பழைய அட்டை தெரியாது. இருப்பதை இருப்பதுபோலவே வாசிக்கிறார்.

ரொட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அடிபட்டவன் பக்கத்திலேயே நின்றான். தன்னை வெளியே அனுப்பப் போகிறார்கள் என்கிற சந்தேகமே அவனுக்கு வராததுபோல இருந்தது முகம். சட்டப்படி ஆடியவன் முகம்.

"அக்கா" என்றார் ரிமோட். "மூணாவது கேமராவைப் பாருங்க."

மூன்றாவது கேமரா கோட்டின் மூலையிலிருந்து எடுத்தது. ரொட்டியின் கை வெட்டுக்கிளியின் தொடையைத் தொடும் கணத்தில் நிறுத்தினால், பின்னங்காலின் நுனி புல்லுக்குள் கலங்கித் தெரிந்தது. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றும் சொல்லலாம். இல்லை என்றும் சொல்லலாம்.

"கால் கீழ இருக்கிற மாதிரி இருக்குல்ல?" என்றார் ரிமோட் அப்பாவியாக.

இதைச் சொன்னால் போதும். பிடித்தபோது கால் தரையில் இருந்தது, எகிறியவனை மடக்கவில்லை, ஆட்டம் தொடரட்டும். ரொட்டி தப்பிப்பான். தப்பிக்க வேண்டியவன்தான். கோப்பை போக வேண்டிய இடத்துக்குப் போகும். புத்தகத்தில் ஓட்டை இருப்பது யாருக்கும் தெரியாது, தெரிந்த பிறகு அவளே சத்தமில்லாமல் அடைத்துவிடலாம். இந்த ஊரில் அவள் கண்ணைவிட நல்ல கண் என்று யாரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்?

படத்தை ஒரு ஃபிரேம் பின்னால் தள்ளினாள். இன்னொன்று. நாலாவது கேமராவோடு வைத்து ஒப்பிட்டாள். அதில் தெளிவாக இருந்தது. பூட்ஸுக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம்.

"மேல, நேரம் ஆகுது. கால் தரையில இருந்துச்சா, இல்லையா?"

டிராஃபிக்கும் அவளும் பேசுவதைக் கேலரியில் பலர் காதில் குட்டி ரேடியோ மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் செயலாளர் காதிலும் ஒன்று இருந்தது. அவர் தலையை நிமிர்த்தித் தகர அறையைப் பார்த்தார். அவள் மைக் பொத்தானை அழுத்தினாள்.

"இல்லை. தரையில இல்லை."

"சரி, அப்ப..."

"இருங்க. இன்னும் முடிக்கலை." மூச்சை இழுத்துக்கொண்டாள். "புத்தகப்படி நீங்க சொல்றது சரி. ஆனா புத்தகம் தப்பு. அந்த விதி பந்தைப் பிடிக்க எகிறுறவனுக்கு மட்டும்தான். பழைய புத்தகத்துல அப்படித்தான் இருந்துச்சு. அந்த மூணு வார்த்தையைத் தேவையில்லைன்னு வெட்டினது நான். தப்பு என்னோடது. ரொட்டி பிடிச்சது நியாயமான பிடி."

கேலரியில் ரேடியோ வைத்திருந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்ல, சலசலப்பு வரிசை வரிசையாகப் பரவியது. செயலாளர் காதிலிருந்து ரேடியோவைப் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

மைதானத்தின் நடுவே டிராஃபிக் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"அக்கா, இப்ப என் கையில இருக்கிற புத்தகத்துல அந்த மூணு வார்த்தை இருக்கா?"

"இல்ல."

"சம்மேளனம் மாத்தி அனுப்பியிருக்கா?"

"இல்ல."

"நீங்க மனசுல வச்சிருக்கிறதை வச்சு நான் எப்படித் தீர்ப்புச் சொல்றது? நாளைக்கு இன்னொருத்தர் மேல உக்காந்து, அவர் மனசுல இருக்கிறதைச் சொல்வாரு. எனக்கு இதைத் தவிர வேற எதுவும் தெரியாதுக்கா."

அவர் சொன்னதில் அவளால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

டிராஃபிக் ரொட்டியைக் கூப்பிட்டார். பின்பையிலிருந்து சிவப்பு அட்டை வெளியே வந்தது. ரொட்டி முதலில் திரும்பித் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். தனக்குத்தான் என்று புரிந்ததும் எதையோ கேட்டான், டிராஃபிக் தகர அறையைக் கை காட்டினார். அவன் தலையைக் குனிந்தபடி கோட்டைத் தாண்டி வெளியே நடந்தான். வெட்டுக்கிளியை ஸ்ட்ரெச்சரில் தூக்கியபோது அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். தோளின் காறையெலும்பு முறிந்ததோடு போயிற்று. எதிர் அணிக்கு ஏழு புள்ளி ஏறியது. இருபத்துமூன்று, இருபது. ரொட்டியின் அணியினர் ஓர் ஆள் குறைந்து பதினாலு பேராக மூன்று நிமிடம் முட்டி மோதிப் பார்த்தார்கள், தலைகீழாக நின்றும் பந்து நகரவில்லை. கடைசி விசில் ஊதியபோது கண்ணாடியக்கா மைக்கைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தாள்.

செயலாளர் ஃபோனில் வந்தார். "ஊரே கேக்கிற மைக்ல சொல்லணுமாம்மா? என்கிட்ட தனியா சொல்லக் கூடாதா?" என்று குதித்தார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, ஆனது ஆச்சு. அந்த வரியைச் சரியா எழுதி இப்பவே அனுப்புங்க. காலையில எல்லா நடுவருக்கும் போயிடணும்."

"ரொட்டிக்குத் தடை?"

"விசாரணை உண்டு. ஆறு வாரமாவது வரும். இன்னைக்கு எது அச்சுல இருந்துச்சோ அதான் கணக்கு. நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க?"

இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ரொட்டிதான். ஜெர்சியைக்கூட மாற்றாமல், முழங்கையில் மண்ணோடு வாசலில் நின்றான். அவன் காதில் ரேடியோ இல்லை, மற்றவர்கள் யாரும் அவனிடம் சொல்லவும் இல்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ரிமோட் எழுந்து நாற்காலியை அவனுக்குத் தள்ளினார். அவன் உட்காரவில்லை.

"சண்டைக்கு வரலைக்கா. ஒண்ணு கேக்கணும். டிராஃபிக் சாரைக் கேட்டேன், மேல கேளுன்னாரு. அவன் தலைக்கு மேல வந்தான். நான் அவனை எங்க பிடிச்சிருக்கணும்?"

அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஷட்டரைப் பாதி இறக்கிய கடை, சிவப்புப் பென்சில், மூன்று வார்த்தை, மனப்பாடம் செய்த இருபது பேர், மூன்றாவது கேமரா வரைக்கும்.

"கால் தரையில இருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாமா?"

"சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

"ஏன் சொல்லலை?"

"இல்லாததை எப்படிப்பா இருந்துச்சுன்னு சொல்றது? என் கண்ணு பாத்துச்சே."

அவன் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். "பதினாலு வருஷம்க்கா" என்றான். "நீங்க உண்மையைச் சொன்னீங்க, அவரு புத்தகத்தைச் சொன்னாரு. ரெண்டு பேரும் நல்லவங்கதான். வெளிய போனது நான்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. வாசலில் திரும்பினான். "இனிமே எல்லாரும் எகிறித்தான் ஓடுவாங்க. சீக்கிரம் எழுதுங்க."

படியிறங்கும் சத்தம் அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு ஸ்கோர் எழுதும் தாளின் பின்பக்கத்தில் விதியை முழுதாக எழுதினாள். மூன்று வார்த்தையோடு நிறுத்தவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தாண்டுகிறவனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று இன்னொரு வரியும் சேர்த்தாள். செயலாளருக்குப் படம் எடுத்து அனுப்ப ஃபோனைத் தூக்கியவள், அதைக் கீழே வைத்தாள். கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த ரிமோட்டிடம் தாளை நீட்டினாள்.

"படிங்க."

"எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதேக்கா."

"தெரியாது. அதனாலதான் குடுக்கிறேன். படிச்சிட்டு அந்தத் திரையைப் பாருங்க. என்ன தீர்ப்புன்னு சொல்லுங்க."

நாலாவது திரையில் வெட்டுக்கிளி இன்னும் காற்றிலேயே நின்றுகொண்டிருந்தான், பந்து கக்கத்தில், தொடையில் ரொட்டியின் கைகள். ரிமோட் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் தாளை வாசித்தார். கீழே காலி மைதானத்தில் ரொட்டி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக நடந்துபோனான்.

"என்னக்கா இது" என்றார் ரிமோட். "அவன் பண்ணதுல தப்பே இல்லையே!"

"இல்லை" என்றாள் கண்ணாடியக்கா. தாளை வாங்கிப் படம் எடுத்து அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஃபோன் காட்டியபோது ரொட்டி கேட்டைத் தாண்டியிருந்தான்.